அடிமூட்டை மிளகு

தொழிலில் எல்லோரும் அவரை நாக்குக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒரு மிடறு வாயில் வைத்தால் போதும், மிளகு எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது, தேயிலை பறித்தது காலையிலா மாலையிலா என்று சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்றுவதற்காக முப்பது வருடமாகப் பச்சை வெங்காயம்கூடக் கடித்ததில்லை, பாவம். இந்தப் பெருமையை எல்லாம் அலுக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர் மனைவி. அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

கடையும் சரக்கு வைக்கும் கிட்டங்கியும் கீழே, வீடு மாடியில். தரகர்களை நம்பாமல் சின்னச் சின்ன விவசாயக் குடும்பங்களிடமே மிளகும் ஏலமும் தேயிலையும் வாங்கி விற்பது என்று இருவருமாகத் தொடங்கிய வியாபாரம். ஒவ்வொரு பொட்டலத்திலும் விளைவித்தவர்களின் படம் இருக்கும். அதன் கீழே 'விவசாயியிடமிருந்து நேரடியாக' என்று ஒரு வரி. இதில் அவருக்கு நாக்கு, அவளுக்கு வாய். மழை வந்ததா, கொடி காய்த்ததா, மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா என்று போனில் விசாரிப்பதெல்லாம் அவள் இலாகா. அவர் ஒருவருடனும் பேச மாட்டார். பேசிப் பழகிவிட்டால் முகத்துக்காக மார்க் போடத் தோன்றும் என்பது அவர் கட்சி.

அதற்காகவே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மிளகு மட்டும் ஒன்பது வீடுகளிலிருந்து வரும். அவள் பின்னறையில் உட்கார்ந்து சாம்பிள் பைகளைப் பிரித்து, ஒரே மாதிரி டப்பாக்களில் கொட்டி, அடியில் எண் ஒட்டி, பெயரைத் தனிச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து வைப்பாள். எந்த எண் யாருடையது என்று தீர்ப்பு எழுதி முடிக்கும்வரை அவருக்குத் தெரியாது. இதைவிட நியாயமாக ஒரு மனிதன் வியாபாரம் செய்ய முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

இந்த வருடம் எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பைகளைக் கொட்டினார். எண்ணை ஒட்டினார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்பது டப்பாக்களையும் மேஜைமேல் அங்கும் இங்கும் தள்ளினார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள ஒரு மனிதர் படுகிற பாட்டை யாராவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

ஆறாம் எண் மோசமாக இருந்தது. தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு கல்லு மாதிரி கீழே போகும்; உள்ளே ஒன்றுமில்லாத பொக்குதான் மிதக்கும். இதில் பாதி மிதந்தது. பொடித்து, வெந்நீர் ஊற்றி, ஒரு மிடறு உறிஞ்சித் துப்பினார். 'வேண்டாம்' என்று எழுதிவிட்டுச் சீட்டைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது வருடமாக வாங்குகிற வீடு. ஆனாலும் நியாயம் நியாயம்தான். 'இந்த வருட மிளகு சரியில்லை. எடுக்க முடியவில்லை' என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்.

அனுப்பியது அவள் போனிலிருந்து. எல்லோருடைய எண்ணும் அதில்தான் இருந்தது. அணைக்க மனம் வராமல் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். மணி அடித்தால் எடுக்க மாட்டார். அடித்து ஓய்ந்ததும் 'நலம், அப்புறம் பேசுகிறேன்' என்று தட்டிவிடுவார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தன் வாயால் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, அவித்த முட்டையில் மிளகைத் தூவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது. நாலாவது தடவை எடுத்துவிட்டார்.

"அக்கா, வெச்சுடாதீங்க. நாங்க என்ன தப்பு பண்ணோம்னு மட்டும் சொல்லுங்க."

ஆறாம் எண் வீட்டு அம்மாள். பொட்டலத்தில் புருஷனுக்குப் பக்கத்தில் முக்காடு விலக நிற்பவள். தினமும் பார்க்கிற முகம். குரலை இப்போதுதான் கேட்கிறார்.

"நான் பேசறேம்மா. கடைக்காரர்."

"சாருங்களா?" குரல் உடனே அடங்கிவிட்டது. "அக்காகிட்ட குடுங்க சார். வாசல்ல வியாபாரி வண்டி நிக்குது, மூட்டைய ஏத்திட்டு இருக்காங்க. எங்க மிளகக் கொண்டுபோய் கண்ட குப்பையோட கலந்துடுவான். அக்கா ஒரு வார்த்தை சொன்னா இறக்கிடுவோம்."

"மிளகு சரியில்லையேம்மா. பாதி மிதக்குது."

"மிதக்கத்தான் செய்யும். அடிமூட்டையில அள்ளினதாச்சே. எப்பவும் அதத்தானே அனுப்புவோம்."

"அடிமூட்டையிலயா? எதுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கிறுக்கு சார். மேலாப்புல அள்ளி அனுப்பினா ஏமாத்தின மாதிரி ஆயிடுமாம். இருக்கறதுலயே மட்டமானத அனுப்பினா, சரக்கு போய்ச் சேர்றப்ப வாங்கினவங்க மனசு நோகாதுன்னு சொல்லுவார். மொத வருஷமே அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்கா சிரிச்சாங்க. 'நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆளா வாய்ச்சிருக்கு, நான் பொக்கப் பொறுக்கி எடுத்துட்டே அவர் முன்னால வெக்கிறேன்'னாங்க."

நாக்குக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருட நியாயமும் பின்னறையில் ஒரு முறத்தில் புடைக்கப்பட்டு வந்ததா? கோபம் சுள்ளென்று ஏறியது. எழுந்துபோய், "என்னடி இது" என்று ஒரு பிடி பிடிக்க வேண்டும் போல இருந்தது. சண்டை போடக்கூட வீட்டில் ஆளில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நன்றாக உறைத்தது.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றாள் அவள். "வருஷா வருஷம் அக்கா ஒரு பை அடிமூட்டை தனியா கேட்டு வாங்குவாங்களே. நல்லதெல்லாம் கடைக்கு, இது எங்க வீட்டுக்குன்னு."

அவர் தட்டைப் பார்த்தார். அடுப்பு மேடையில் இருந்த மனைவியின் மிளகு ஜாடியைப் பார்த்தார். கடையில் விற்பதைவிட இது நன்றாக இருக்கிறதே, யாருடையது என்று ஒருநாள் அவளைக் கேட்டிருக்கிறார். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஜாடியில் இன்னும் நாலைந்து நாளைக்குத்தான் இருக்கும்.

"மூட்டைய இறக்கச் சொல்லும்மா. நான் எடுத்துக்கறேன்."

"கோச்சுக்காதீங்க சார். வேணாம்னு நேத்து அக்காவே எழுதினாங்க. இப்ப நீங்க வேணும்ங்கறீங்க. வண்டிக்காரன் வேற கத்தறான். அக்கா சொல்லட்டும்."

இனி வேறு வழியில்லை. "அத எழுதினது நான்தாம்மா," என்றார். "அவ செத்துப் போயிட்டா. பத்து மாசம் ஆச்சு."

"கொஞ்சம் சும்மா இருய்யா," என்று அந்தப் பக்கம் அவள் வண்டிக்காரனை அதட்டினாள். பிறகு மெதுவாக, "கொடி பூத்தப்ப சொகமான்னு கேட்டேனே. நலம்னு வந்துச்சே," என்றாள்.

"நான்தான் அனுப்பினேன்."

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு..."

"அதுவும் நான்தான்."

அவள் அழுதாள். போனை வைக்கவில்லை. நடுவில் வாயைத் திருப்பி, "ஏங்க, இறக்குங்க. எல்லாத்தையும் இறக்குங்க," என்று கத்தியது கேட்டது. யாரோ திட்டினார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் பொத்து பொத்தென்று விழுந்தன. அவர் காதிலிருந்து போனை எடுக்காமல் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். முட்டை ஆறிப்போயிருந்தது.

"அண்ணே," என்று அவள் திரும்ப வந்தாள். சார் போய்விட்டது. "இந்த வருஷமும் அக்காவுக்குன்னு பை தைச்சு வெச்சிருக்கேன். என்ன பண்றது?"

"அனுப்பும்மா. வீட்டுக்கு வேணும்."

"எப்பவும் போடற அளவே போடவா, இல்ல..."

"பாதி போதும்மா," என்றார் அவர்.