எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும்

மூன்றாவது பொத்தானைப் போடும்போது மகன் அவள் கையைப் பிடித்தான்.

"அம்மா, அப்பாவுக்குக் காக்கிச் சட்டை வேண்டாம்மா. நாலு பேருக்கு மேல போகக் கூடாதுன்னு உத்தரவு. இதுல ஊரே திரும்பிப் பார்க்கும்."

"உத்தரவு ஆளுக்குத்தானே, சட்டைக்கு என்னடா?" என்று நாலாவது பொத்தானையும் போட்டாள்.

பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் வாரம் அது. முந்தின நாள் காலையில் பஸ் ஓட்ட டியூட்டிக்குக் கிளம்பிய கணவர், ஷூ மாட்டக் கட்டிலில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம். தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. நகரம் அரைக்கண்ணைத்தான் திறந்திருந்தது. கடைகள் மதியம் வரை, பேருந்தில் பாதி ஆள். இறுதி ஊர்வலம் மட்டும் கூடவே கூடாது. ஒரு வண்டி, மயானத்துக்குள் அங்கே வேலை செய்பவர்களோடு சேர்த்து நாலு பேர்.

ஊரடங்கு இறுகியிருந்தபோது அவருடைய அண்ணன் இறந்தார். கூட யாரும் போகவில்லை. எல்லாவற்றையும் போனில் பார்த்த இவர், சில நாள் கழித்துச் சாப்பாட்டுக்கு நடுவே, "பார்சல் அனுப்புற மாதிரி அனுப்பிட்டோம்" என்றார். அதோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

இவரை அப்படி அனுப்புவதில்லை என்று அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது சாலைக்கு எதிர்ப்பக்கம் சில்லறை நின்றிருந்தார். கணவரோடு பஸ்ஸில் போகும் கண்டக்டர். பாக்கியை இறங்கும்போது தருகிறேன் என்று சொல்லி மறந்துவிடுவதால் டிப்போ வைத்த பெயர்.

"அண்ணி, டிப்போவே கிளம்பி வர்றேங்குது. தெருமுனையில போலீஸ் நிக்குது. என்ன சொல்லட்டும்?"

"உங்க பஸ் எந்த வழியா போகுது?"

"எப்பவும் போற வழிதான். மார்க்கெட், ஆஸ்பத்திரி, பாலம்..." சற்று நிறுத்தினார். "மயானத்து ஸ்டாப்."

"எப்ப எடுப்பீங்க?"

"பத்தரைக்கு."

"நாங்களும் பத்தரைக்கு எடுக்கிறோம். வர்றவங்க பஸ்ல வரட்டும். பாதி சீட்டுக்கு மேல ஒரு ஆள் ஏத்தக் கூடாது. மாஸ்க் போடாதவங்க வரவே வேண்டாம். உள்ளயும் வர வேண்டாம். வழித்துணைக்கு வந்தாப் போதும்."

சில்லறை மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டாஃபுக்கு டிக்கெட் கிடையாதே அண்ணி."

"இன்னிக்கு உண்டு. பாக்கியையும் ஒழுங்காக் குடுங்க."

அழுதுகொண்டே சிரித்துவிட்டு அவர் டிப்போவுக்கு ஓடினார்.

"மாட்டிக்குவோம்மா," என்றான் மகன்.

"பஸ்ல போறது எப்படா குத்தமாச்சு?"

அமரர் ஊர்தி கிளம்பியது. முன்னால் டிரைவர், பின்னால் அவளும் மகனும், நடுவே அவர். மார்க்கெட் தாண்டுமுன் அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். பேருந்து பின்னால் நின்றுவிட்டிருந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி."

"எதுக்குக்கா?"

"அது ஸ்டாப்ல நிக்குது. வரட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி நிறுத்தச் சொன்னாள். வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நமக்கு இதுக்கு மேல வேற சவாரி இருக்குக்கா. இப்படி ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னா எப்படி?"

"நில்லுங்க. இந்த மனுஷன் ஒரு ஸ்டாப்பையும் விட்டுட்டுப் போனதில்ல."

வண்டிக்காரர் திரும்பி, கிடத்தியிருந்தவரின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

பாலத்தருகே தடுப்பு. காவலர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஊர்வலமா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது ஒரு வண்டி சார். அது டவுன் பஸ்."

காவலர் பேருந்தில் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "அத்தனை பேரும் ஒரே ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்திருக்காங்க."

"டிக்கெட் எடுக்கலைன்னாதானே சார் தப்பு?"

அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "உள்ள நாலு பேருதான். கூடினா நானே வந்து கேஸ் போடுவேன்."

"உள்ள நாங்க ரெண்டு பேருதான். மத்தவங்க வெளிய, தள்ளித் தள்ளித்தான் நிப்பாங்க. ஒட்டி நின்னா நானே விரட்டுவேன்."

காவலர் தடுப்பை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

பாலம் இறங்கியதும் அடுத்த நிறுத்தம் வந்தது. அவள் வாயைத் திறக்குமுன், "அண்ணே, ஸ்டாப்," என்றான் மகன். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மயானத்து மதிலோரம் பேருந்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். மெக்கானிக்குகள், டிரைவர்கள், டிப்போவில் பஸ் கழுவும் பெண்கள். யாரும் சொல்லாமலே, கை நீட்டினாலும் தொட முடியாத தூரத்தில் வரிசையாக நின்றார்கள். காய்கறிப் பையோடு எங்கோ போகக் கிளம்பிய ஒரு அம்மாளும் விஷயம் கேட்டு இறங்கி, பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நேரம் தவறாமல் பேருந்து நகர்ந்தது.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அவள் வெளியே வந்தபோது மதிலோரம் காலியாக இருந்தது, அவரவருக்கு டியூட்டி. வண்டிக்காரரும் அடுத்த சவாரிக்குப் போய்விட்டிருந்தார்.

வந்த பேருந்தில் இருவரும் ஏறினார்கள். கண்டக்டர் புதுப் பெண், இவர்களைத் தெரியாது. மகன் முன் இருக்கைக்குப் போனான். அவள் ஜன்னலோரம் அமர்ந்தாள். பக்கத்து இருக்கையில் வெள்ளைச் சாயத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் அதில் உட்காரப் போனார்.

"அங்க யாரும் உட்காரக் கூடாது சார்," என்றாள் கண்டக்டர்.

அவர் பின்னால் போனார். அவள் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி, அந்த இருக்கையில் ஆள் இருப்பதுபோல் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தாள்.