துரை கோயிலுக்கு ஒரு தேங்காய்

ஹாரனை அழுத்திய கையை விக்னேஸ்வரி எடுக்கவேயில்லை. முன்னால் போன கோலா தெர்லா காய்கறித் தோட்டத்து லோரி, உலகத்து முட்டைக்கோஸையெல்லாம் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டு, நத்தைக்கும் வழிவிட்டு ஊர்ந்தது. பக்கத்து இருக்கையில் அவள் அப்பா சின்னையா. மூக்கில் ஆக்சிஜன் குழாய். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

“திரும்பிடலாம்ப்பா. நாளைக்கு வரலாம்லா.”

“நாளைக்கு நான் இருக்கணுமே. ஓட்டுடி.”

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காலையில்தான், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ துரை கோயிலுக்குத்தான் முதலில் என்று அடம்பிடித்தார்.

நாற்பத்திரண்டு வருஷத்துக் கதை. கைக்குழந்தை விக்னேஸ்வரிக்கு ஜுரம். மேலே அரிசியைப் போட்டால் பொரியுமாம். அன்றைக்கென்று எஸ்டேட் லயத்து வீடொன்றில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை மாரியம்மன் கோயிலைச் சாத்திவிட்டார்கள். திறந்திருந்தது துரைமார் சர்ச் மட்டும்தான். அங்கே ஓடிப்போய், பிள்ளை பிழைத்தால் தேங்காய் உடைப்பதாகச் சின்னையா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. தேங்காயோடு போனவரைப் பாதிரியார் சிரித்த முகத்தோடு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

“நான் போயிட்டா அந்தக் குறை உன் தலைல விடியும்மா.”

கருங்கல் சுவர், கூர்க்கோபுரம், வண்ணக் கண்ணாடி. விக்டோரியா மகாராணி காலத்து மோஸ்தரில் ஒரு துரை ஆசைப்பட்டுக் கட்டியது. அந்தம்மாவே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கல் சுமந்ததாகச் சத்தியம் செய்யும் ஆட்கள் எஸ்டேட்டில் இன்றும் உண்டு.

சின்னையாவால் இறங்க முடியவில்லை. வாசல் தெரியும்படி காரை நிறுத்திவிட்டு அவள் தேங்காயோடு ஓடினாள். காவலாளி புனிதன் மறித்தார்.

“சுத்திப் பாக்கலாம்மா. தேங்கா எதுக்கு? ஒரு கல்லு பேந்தாலும் என் வேலை போயிரும்.”

“அப்பா வேண்டுதல்ண்ணே. கார்ல இருக்காரு பாருங்க.”

புனிதன் பார்த்தார். குழாயையும் பார்த்தார்.

“மொதல்ல உள்ள போயி கும்பிட்டுட்டு வா.”

உள்ளே ஐஸ்பெட்டிக்கே சளி பிடிக்கும் குளிர். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவள், எதை வலம்வருவது என்று தெரியாமல் பெஞ்சுகளையே ஒரு சுற்றுச் சுற்றினாள். திருநீற்றுக்குத் தேடிய விரல் வெறும் நெற்றியைத் தொட்டது. “அப்பாவுக்கு மூச்சு நிக்காம பாத்துக்க” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

அதற்குள் புனிதன் பூச்செடி ஓரத்திலிருந்து ஒரு பாறாங்கல்லை உருட்டி வந்திருந்தார்.

“இதுல உடைம்மா. இது எந்த மகாராணிக்கும் சொந்தமில்ல.”

அழுகலாக இருந்துவிட்டால்? ஓங்கி அடித்தாள். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. வெள்ளை வெளேரென்றிருந்த இரண்டு மூடிகளையும் தூக்கிக் காட்டினாள்.

“அப்பா! நல்லாருக்குப்பா!”

சின்னையாவின் முகம் வாசல் பக்கமே திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அருகில் போனபோதுதான் தெரிந்தது, நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

பின்னால் வந்த புனிதன் தொப்பியைக் கழற்றினார்.

“பாத்தாராண்ணே?”

“சத்தம் கேட்டிருக்கும்மா.”

அவள் காருக்குள் ஏறினாள். அவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர்மேல் இடிக்காமல் எட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை முழுதாக ஏற்றினாள்.