உள்ளே வருமுன் ஒரு துஆ

ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டின் ரயில் நிலையத்திலிருந்து சின்னராசாவே முபீனாவின் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு ஊர் கீழக்கரை. திங்கட்கிழமை ஒஸ்லோவில் வேலைக்குச் சேர வேண்டும். முன்பே பேசி வைத்திருந்த அறை கடைசி நேரத்தில் இல்லையென்று ஆகிவிட்டது. சின்னராசா வீட்டுக் கீழ்த்தள அறையும் கிடைக்காவிட்டால் இந்தக் குளிரில் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது.

அறை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவர் அவர் மனைவி தங்கேஸ்வரி. ஆளைப் பார்த்த பிறகுதான் சொல்வேன் என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தவருக்குப் பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது.

"வாரும் பிள்ளை, உள்ளை வாரும்."

முபீனா வரவில்லை. வாசற்படியில் கண்ணை மூடி நின்றாள். உதடுகள் அசைந்தன.

"என்ன முணுமுணுக்கிறீர்?"

"துஆ அக்கா. புது இடத்துல போய் இறங்கினா ஓதுவோம். அல்லாஹ்வோட முழுமையான வார்த்தைகளைக் கொண்டு, அவன் படைச்சதோட தீங்குல இருந்து பாதுகாப்பு கேக்கறேன்னு அர்த்தம்."

தங்கேஸ்வரியின் முகம் மாறியது. முன்பு அந்த அறையில் இருந்த பெடியன், இரவில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது, வீட்டில் பேய் ஏதோ இருக்கிறது என்று மோர்டென்ஸ்ருட் முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வெந்நீர்க் குழாயின் சத்தம் அது. ஆனால் யார் கேட்டார்கள்?

"என்ரை வீட்டிலை என்ன தீங்கைக் கண்டனீர்? அவன் கதைச்சது உம்மடை காதுக்கும் வந்திட்டுதோ?"

"எவன்க்கா? நான் ஏர்போர்ட்லயும் ஓதினேன். ட்ரெயின்ல இறங்கினப்பவும் ஓதினேன்."

"ஓம், ஸ்ரேசனிலையும் வாய் அசைஞ்சதுதான்," என்றார் சின்னராசா. "நான் ஃபோனிலை கதைக்கிறா எண்டு நினைச்சன்."

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை, அறையை வேறை ஆக்களும் கேட்டிருக்கினம். குறை நினையாதையும்."

முபீனா குனிந்து பெட்டியின் பிடியை எடுத்தாள்.

"சரிக்கா. அப்ப என் பயணம் இன்னும் முடியல. பயணத்துல இருக்கறவங்க கேக்கற துஆவை அல்லாஹ் தட்ட மாட்டான்னு எங்க நபி சொல்லியிருக்காங்க. போற வழியில ஒரு இடம் கேட்டுக்கறேன்."

அவள் இரண்டு படி இறங்கிவிட்டாள்.

"நில்லும். என்ன சொன்னனீர்? பயணத்திலை இருக்கிற ஆள் கேட்டால் நடக்குமோ?"

"அப்படித்தான் நம்புறோம்."

தங்கேஸ்வரி கணவரைப் பார்த்தார். சின்னராசா பஸ் ஓட்டுகிறவர். நாளைக்கு அவருக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் பஸ் லைசன்ஸ் போய்விடும். அதை நினைத்து இரண்டு நாளாகத் தங்கேஸ்வரிக்குச் சரியான சாப்பாடு இல்லை.

"நீர் இன்னும் உள்ளை வரேல்லைத்தானே? அப்ப அங்கையே நில்லும். இவருக்கு நாளைக்குக் கண் சோதனை. பேர் சின்னராசா. இடது கண்."

"வலது கண்," என்றார் சின்னராசா.

"பிள்ளை, ரெண்டையும் சொல்லும்."

முபீனா பெட்டியை விட்டுவிட்டுக் கைகளை ஏந்தினாள். பனி தலைத்துணியில் விழுந்தது. தங்கேஸ்வரி செருப்புக்கூட இல்லாமல் வாசலில் நின்று கைகூப்பினார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சின்னராசா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்காகத் தமிழில் கேட்டு முடித்த முபீனா சற்றுத் தயங்கிவிட்டு, "யா அல்லாஹ், எனக்கும் தங்க ஒரு நல்ல இடம்..." என்று தொடங்கினாள்.

"அதை ஏன் அவரிட்டைக் கேக்கிறீர்?" என்று குறுக்கிட்டார் தங்கேஸ்வரி. "அறை என்ரை. இரவிலை குழாய் சத்தம் போடும், பயப்பிடக்கூடாது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாரும், குளிருது."