தெரும்

என் தம்பி பூபதியின் நாவலுக்குப் பின்னிணைப்பாக வரும் சொற்பட்டியலில், குதிரைக்கான சொற்களைத் தாண்டிச் செல்ல என்னால் இயலவில்லை. மெய்ப்புத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டவள் நான். பதினொரு மணிப் பேருந்தின் நடத்துநரிடம் தாள்கட்டைக் கொடுத்தனுப்பினால்தான் மாலைக்குள் அச்சகம் சேரும். இருமுறை எழுந்து அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தேன் என்று விளங்காமல் திரும்பினேன்.

'தெரும்: குதிரை. தெ என்றால் காற்று, ரும் என்றால் கால். காற்றைக் கால்களாகக் கொண்டது' என்று அவன் எழுதியிருந்தான்.

பொய். அம்மொழியைச் சிறுவயதில் நாங்கள் இருவரும் உண்டாக்கினோம். அதன் முதற்சொல் அது. அந்நாளில் மலைமேல் குண்டனி நாட்டில் இருந்த எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. அப்பா மிளகு மூட்டைகளை மட்டக்குதிரைமேல் ஏற்றிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறக்குவார். நாங்களும் உடன்போன ஒரு மழைநாளில் குதிரை பள்ளத்தில் சரிந்தது. பாதையில் விழுந்த உயிரின் பெயரை வீட்டில் எவரும் உச்சரிக்கலாகாது. உச்சரித்தால் அடுத்ததும் விழும் என்பார்கள். ஆகவே, பள்ளத்திலிருந்து கடைசியாகக் கேட்ட, கற்கள் சரியும் 'தெரும்' என்ற ஓசையையே அதற்குப் பெயராக்கி, அப்பாவின் காதில் விழாமல் பேசிக்கொண்டோம். பின்னர் எல்லாக் குதிரைகளுக்கும் அதுவே பெயராயிற்று. குட்டி தெருமி ஆயிற்று. அம்மொழி பேசும் அரசர்களையும் அவர்களுடைய போர்களையும் கற்பனை செய்தோம்; அவையே இப்போது அவனுடைய நாவல்.

"ஏங்கண்ணு, இந்தக் காத்து, காலெல்லாம் எங்கிருந்துடா புடிச்சே?" என்று எதிரே உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டேன்.

"படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்குமுங்கக்கா, உட்ருங்க. கமா, புள்ளி மட்டும் பாருங்கன்னுதான குடுத்தேன்?"

"முப்பத்திரண்டு வருசம் ஊர்ப் புள்ளைங்களுக்குக் கமா போட்டு முடிச்சாச்சு. உனக்கும் போடோணுமாக்கும்."

அவன் சிரித்தான். நான் அடுத்த வரியில் விரலை வைத்தேன். 'தெருமூ: கயிறு கைவிடப்பட்ட குதிரை.' அச்சொல் நாங்கள் சேர்ந்து உண்டாக்கியதன்று.

"இது எப்ப வந்துச்சு?"

சிரிப்பு நின்றது. "நீங்க டீச்சர் ட்ரெய்னிங் போனதுக்கப்பறம். நானா வெச்சுக்கிட்டது."

கயிறு நழுவியது அவன் கையிலிருந்து. என் கை என்று அப்பாவிடம் சொன்னவள் நான். அவனுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் கையில் சாட்டை இருந்தது. அதன்பின் இறக்கும்வரை அப்பா எந்தக் கயிற்றையும் என்னிடம் கொடுக்கவில்லை, பசுவின் கயிற்றைக்கூட.

காற்றையும் காலையும் சிவப்பு மையால் அடித்தேன். தாளின் ஓரத்தில், நடந்ததை நடந்தபடி எழுதினேன். 'கயிற்றை விட்டவர்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு, பேனாவை அவனிடம் நீட்டினேன்.

"ஊர்ல எல்லாரும் படிப்பாங்கக்கா."

"படிக்கட்டும். குதுரைய உட்டவள்னு அம்பத்தஞ்சு வருசமா என்னையத்தான சொல்றாங்க?"

வளைவில் பேருந்து ஒலியெழுப்பியது. பூபதி சுவர்ப்பக்கம் திரும்பி எழுதினான். கை ஒரு கணம்தான் அசைந்தது. என் பெயர் யமுனா, அவன் பெயர் பூபதி: இரண்டுமே மூன்றெழுத்து. நான் எட்டிப் பார்க்கவில்லை. அவன் தாள்களை உறையிலிட்டு ஒட்டி, செருப்பில்லாமல் பேருந்துக்கு ஓடினான்.

பேருந்து இறங்கிப் போன பின்னும் அவன் உள்ளே வரவில்லை. சாலையின் நட்டநடுவே முதுகைக் காட்டி நின்றிருந்தான். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஒலித்துப் பார்த்தது. பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.