ஓங்கிய கத்தியில் நின்ற கதை

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை, ஆலயத்தின் பின்கட்டில் நடந்த சிறுபிள்ளைகள் வகுப்பில், தகப்பன் கத்தியை ஓங்கிய இடத்தில் கதை நிறுத்தப்பட்டது.

அப்படி நிறுத்துவது கதை டீச்சரின் வழக்கம். வாரநாட்களில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் டீச்சர். அவள் வருவதற்கு முன் அந்த வகுப்பில் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், ஜன்னல் கம்பியில் தொங்குவார்கள். அவள் வசனத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கதையைக் கையில் எடுத்தாள். கதைக்கு இரண்டு விதிகள் வைத்துக்கொண்டாள். வேதத்தில் இருக்கிற பெயர்களைச் சொல்ல மாட்டாள். "ஒரு அப்பா, ஒரு பிள்ளை" என்றுதான் தொடங்குவாள். பெயர் இருந்தால் அது எப்போதோ யாருக்கோ நடந்தது. பெயர் இல்லாவிட்டால் கேட்கிற பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவள் கணக்கு. இரண்டாவது, உயிர் தொண்டைக்குழிக்கு வரும் இடத்தில் கதையை வெட்டிவிடுவாள். மீதி அடுத்த ஞாயிறு.

வகுப்பு நிரம்பிவிட்டது. தூங்குமூஞ்சிப் பெற்றோரைப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லச் சொல்லி ஒருவன் பாதி கடித்த மிட்டாயை லஞ்சமாக நீட்டினான். போதகர் பிரசங்கத்திலேயே சிரித்துக்கொண்டு, "என் பேச்சையும் பாதியில நிறுத்தினா நீங்களும் வருவீங்கபோல" என்றார். டீச்சர் அதற்கும் மசியவில்லை, மிட்டாய்க்கும் மசியவில்லை. முடிவு ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு வகுப்பு கலைந்த பிறகு ஒரு சிறுமி மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏழு வயது. ஆளும் சிறுசு, நாக்கும் காரம் என்பதால் மிளகு என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கொஞ்சம் ஓடினாலே உதடு நீலம் பாரிக்கும். அதனால் எப்போதும் உட்கார்ந்தே இருப்பாள்.

"டீச்சர், கத்தி இறங்கிச்சா?"

"அடுத்த ஞாயிறு வா, சொல்றேன்."

"அடுத்த ஞாயிறு நான் இருக்க மாட்டேன். அப்பா எங்கயோ கூட்டிட்டுப் போறார்."

"அப்ப அதுக்கு அடுத்த ஞாயிறு. கதை எங்கயும் ஓடிப்போகாது."

மிளகு சிரிக்கவில்லை. அதை டீச்சர் கவனித்தாள். கவனித்துவிட்டுப் பாய்களைச் சுருட்டப் போனாள்.

வியாழக்கிழமை காலை கடை திறந்து சற்று நேரத்தில் போன் வந்தது. மிளகின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனிதர், இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"டீச்சர், அந்தக் கதையோட முடிவு என்ன? சீக்கிரம் சொல்லுங்க."

"எந்தக் கதை?"

"ஒரு அப்பா பிள்ளையை மலைக்குக் கூட்டிட்டுப் போய் வெட்டப் போறாராமே, அது. எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். நான் சொன்னா மிளகு நம்ப மாட்டேங்குறா. நீங்களே வந்திடுங்க."

ஆஸ்பத்திரியின் பெயரையும் மாடியையும் சொன்னார். டீச்சர் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

பிள்ளைகள் வார்டின் கடைசியில் குளியலறை. அதன் மூடிய கதவுக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம். மிளகின் அப்பா, அவள் பெரியம்மா, ஒரு நர்ஸ், பச்சை உடையில் டாக்டரம்மா. மிளகின் அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். நர்ஸின் மணிக்கட்டில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

டாக்டரம்மா நேரத்தை வீணாக்கவில்லை. "நெஞ்சுல ஓட்டை. இன்னைக்கு ஆபரேஷன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கதவை உடைக்கச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க. உடைச்சா பயத்துல அழுவா, அழ அழ நீலம் ஏறும், மயங்கிடுவா. அந்த நிலைமையில நான் கத்தி வைக்க மாட்டேன்."

"நாளைக்குச் செய்ய முடியாதா?"

"பன்னிரண்டு மணிக்குள்ள வெளிய வந்தா தியேட்டர் இவளுக்கு. இல்லைன்னா காத்திருக்கிற வேற பிள்ளைக்கு. அடுத்த தேதி எப்ப கிடைக்கும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் இவ இதயம் பொறுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது.

"வந்துட்டாங்கப்பா டீச்சரம்மா," என்றாள் பெரியம்மா. "பிள்ளைங்களுக்கு அன்பைச் சொல்லிக் கொடுங்கன்னு அனுப்பினா, அரிவாளைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதையும் முழுசாச் சொல்லித் தொலைச்சாங்களா? அதுவும் தவணை முறையில."

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மிளகின் அப்பா. டீச்சர் பக்கம் திரும்பினார். "தப்பு என் மேலயும் இருக்கு டீச்சர். ஆஸ்பத்திரின்னா பயப்படுவாளேன்னு மிருகக்காட்சி சாலைக்குப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். காலையில அவ அம்மா பார்த்துப் பார்த்து அழுதா. பஸ்ல வரும்போது இவ 'ஆடு எங்கப்பா'ன்னு கேட்டா. மிருகக்காட்சியைக் கேக்குறான்னு நெனச்சு, 'போற இடத்துல இருக்கும்டா செல்லம்'னு சொன்னேன்."

டீச்சருக்கு உடனே புரிந்தது. கதையில், பலிக்கு ஆடு எங்கே என்று பிள்ளை அதையேதான் கேட்டது. தகப்பனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். போன ஞாயிறு அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகள் மூச்சைப் பிடிக்கும் வரை காத்திருந்துதான் அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தாள்.

தரையில் படுத்துக் கன்னத்தை ஈரத்தில் வைத்தாள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. கால் நகங்கள் ஊதாவாக இருந்தன.

"மிளகு, டீச்சர் வந்திருக்கேன். மீதிக் கதையைச் சொல்லட்டுமா?"

பாதங்கள் அசையவில்லை. அவள் சொன்னாள். வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது, நிறுத்து என்றது. கத்தி நின்றது. தகப்பன் கட்டை அவிழ்த்தான். திரும்பிப் பார்த்தால் புதரில் கொம்பு சிக்கிக்கொண்டு ஒரு ஆடு. பிள்ளைக்குப் பதிலாக அந்த ஆட்டைப் பலியிட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனார்கள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு மோசமாக ஒரு கதையைச் சொன்னதில்லை. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

உள்ளிருந்து கேள்வி வந்தது.

"ஆடு செத்துப்போச்சா?"

"ஆமாம்மா."

"இங்க ஆடு யாரு?"

டீச்சர் பதில் சொல்லுமுன் அடுத்தது வந்தது. "பக்கத்துக் கட்டில் பாப்பாவா? அந்தப் பாப்பாவுக்கும் காலையில சாப்பாடு குடுக்கலை. அவங்க அப்பாவும் வெளியதான் உக்காந்திருக்கார்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

எந்தக் கதையும் கைகொடுக்கவில்லை. அப்போது டீச்சர், வகுப்பில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். "இங்க ஆடும் இல்ல, கத்தியும் இல்லடா. சும்மா தூங்க வைப்பாங்க, அவ்வளவுதான்."

"பொய்!" அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "சிஸ்டர் போன்ல சொன்னதைக் கேட்டேன். நெஞ்சைத் தொறப்பாங்களாம்! எல்லாரும் பொய் சொல்றீங்க!" அழுகை தொடங்கியது. அழுகைக்கு நடுவே மூச்சு இழுக்கிற சத்தம், துளை விழுந்த பலூனில் காற்றை ஊதுவதைப்போல.

"ஐயோ, போதும் விடுங்க," என்று பெரியம்மா கதறினாள். "கதவை உடைங்க! நீங்கதான் பூட்டின லிஃப்டையெல்லாம் தொறக்குற ஆளாச்சே, இதைத் தொறக்கத் தெரியாதா?"

மிளகின் அப்பா எழுந்து கதவின் கீல்மேல் கையை வைத்தார். இரண்டு நிமிட வேலை.  நர்ஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

டீச்சருக்கு வேறு வழி தோன்றவில்லை. ஜெபிக்கலாமா என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. வகுப்பில் கதை முடிந்ததும் வழக்கமாகச் செய்யும் ஒன்று மட்டும் பழக்கத்தில் வாயிலிருந்து வந்தது. ஒரு பிள்ளை எழுந்து கதையைத் திருப்பிச் சொல்லும். அது யாரைக் காட்டுகிறதோ அவர் கதையில் அது சொல்லும் ஆளாகப் பேச வேண்டும். யாரும் தப்பிக்க முடியாது. போதகர்கூட ஒருமுறை கழுதையாகப் பேசியிருக்கிறார்.

"சரி, நான் சொன்னது சரியில்ல," என்றாள். "இப்ப நீ சொல்லு மிளகு. உன் முறை."

மூச்சு இழுத்தது. மறுபடி இழுத்தது. அழுகை சிறுகச் சிறுக விம்மலானது. பிறகு, தரைக்குப் பக்கத்திலிருந்து, அவளும் உட்கார்ந்துவிட்டாள்போல, குரல் வந்தது.

"ஒரு அப்பா. ஒரு பிள்ளை. ஒருநாள் காலையில எழுந்திருச்சாங்க. பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கலை. அம்மா அழுதாங்க. பஸ்ல போனாங்க. பிள்ளை கேட்டுச்சு, அப்பா, நாம எங்க போறோம்?" நிறுத்தினாள். "இப்ப அப்பா பேசணும்."

எல்லோரும் மிளகின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஈரத்தரையில் உட்கார்ந்து நெற்றியைக் கதவில் சாய்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கும்மா."

"மிருகக்காட்சின்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன். பயமா இருந்தது."

"பிள்ளைக்கா?"

"அப்பாவுக்கு."



"அங்க கத்தி இருக்குமா?"

"இருக்கும்."

"கத்தி நிக்குமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"நிக்காதும்மா. உள்ள ஒரு ஓட்டை இருக்கு. அதைத் தைக்கணும். அதனாலதான் உனக்கு ஓட முடியல."

"நீங்கதான் பிடிப்பீங்களா கத்திய?"

"சேச்சே, நானா? எனக்கு லிஃப்ட்தான் தெரியும். டாக்டரம்மா பிடிப்பாங்க. நான் வாசல்ல நிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"நீ வர்ற வரைக்கும்."

"வலிக்குமா?"

"வெட்டும்போது தூங்கிட்டிருப்ப. முழிச்சப்புறம் வலிக்கும். நல்லாவே வலிக்கும்."

"பாப்பா ஆடா?"

"இல்ல. அவளுக்கு வேற வியாதி. இங்க யாரும் யாருக்கும் ஆடு இல்லம்மா."

டீச்சருக்கு அடுத்த கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டது. அது வராமல் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அது வந்தது.

"பிள்ளை செத்துப்போயிடுமா?"

வார்டில் எங்கோ ஒரு தட்டு விழுந்து உருண்டது.  டீச்சரின் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. அழகான பதில், எந்த வகுப்பிலும் எடுபடக்கூடியது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியலம்மா," என்றார் அப்பா. "போகாதுன்னு டாக்டரம்மா நம்புறாங்க. நானும் நம்புறேன். ஆனா சத்தியமாச் சொல்லுன்னா, தெரியாது. இதைச் செய்யலைன்னா கண்டிப்பாப் போயிடும். அதான் கூட்டிட்டு வந்தேன்."

கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை, நர்ஸைத் தவிர.

"அந்தக் கதையில பிள்ளையோட அம்மாகிட்ட யாராவது சொன்னாங்களா, டீச்சர்?"

"வேதத்துல அது எழுதலை," என்றாள் டீச்சர். "எனக்குத் தெரியாது."

"எழுதியிருக்கணும்," என்றாள் மிளகு. பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. நின்றது. "வரமாட்டேங்குதுப்பா."

"இழுக்காத. முதல்ல கதவை என் பக்கமா அழுத்து. அப்புறம் மேல தூக்கு. அவசரமில்ல, மெதுவா."

கதவு திறந்தது. மிளகின் உதடு நாவல் பழம் தின்றதுபோல இருந்தது. அப்பா தூக்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள். நர்ஸ் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள். மிளகு ஏறி உட்கார்ந்துகொண்டு, நர்ஸின் மணிக்கட்டைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ம். நல்லாவே."

டீச்சரைப் பார்க்காமலேயே போனாள். தியேட்டர் கதவு மூடியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை. மிளகின் அப்பா உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. டீச்சர் ஒரு தூணோரம் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்து, "நீங்க கிளம்புங்க. உங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருது," என்றாள். டீச்சர் படியிறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அங்கேயும் அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஆபரேஷன் மாலை வரை நடந்தது. மிளகு பிழைத்தாள். அடுத்த மாதம் ஞாயிறு பள்ளிக் குழு பெரியம்மாவின் புகாரை விசாரித்து, சிறுபிள்ளைகள் வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தது. அங்கே இப்போது மனப்பாட வசனம் ஒப்பிக்கிறார்கள்.