ஒத்திகையில் ஜெயித்தவர்

டுவைட் கர்ரனை எங்கள் வக்கீல் அலுவலகத்தில் சேர்க்கும்போதே நான் வேண்டாம் என்றேன். மன்ஹாட்டனில் பல வருடம் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்து, கோட்டு போட்ட மோசடிக்காரர்களை வரிசையாகச் சிறைக்கு அனுப்பியவர் அவர். இனிமேல் அவர்களைக் காப்பாற்றுவாராம். என் பேச்சை யார் கேட்டார்கள்?

அவருக்கு வந்த முதல் கட்சிக்காரர் ஹோல்ப்ரூக், ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். முதலீட்டாளர்களிடம் பொய் சொன்னதாக வழக்கு. சாட்சிக்கூண்டில் ஏறுமுன் கட்சிக்காரருக்கு ஒத்திகை வைப்பது எங்கள் வழக்கம். எங்களில் ஒருவரே அரசுத் தரப்பாக நின்று குடைவோம். அந்த வேடத்தை டுவைட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோட்டைக் கழற்றியதும் ஆளே மாறிவிட்டார்.

"முதலீட்டாளர்களைக் கூப்பிட்ட அந்த மீட்டிங்ல நீங்க இருந்தீங்களா, இல்லையா?"

"இருந்தேன். ஆனா தூங்கிட்டேன்."

"தூங்கினவரு எப்படிங்க கை தட்டினீங்க?"

நான் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் ஹோல்ப்ரூக் தேம்ப ஆரம்பித்துவிட்டார். "நான்தாங்க பொய் சொல்லச் சொன்னேன்! எல்லாம் எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு!"

"மாட்டினான்யா!" என்று மேசையில் ஓங்கி அடித்த டுவைட், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோவ், அவரு நம்ம ஆளுய்யா!" என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஹோல்ப்ரூக் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இப்ப நான் என்னங்க பண்றது?" என்றார்.

தன்னிடம் மாட்டியவர்கள் வாயால் டுவைட் காலமெல்லாம் கேட்டுப் பழகிய கேள்வி அது. யோசிக்காமல், கனிவாக அவர் தோளைத் தட்டினார்.

"நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாருங்க."