நூற்று அறுபத்தைந்து வெள்ளி கேசட்டு

முன்னறையைப் பெருக்கும்போது டிவிக்குப் பின்னால் செருகியிருந்த கேசட்டுப் பெட்டி ஒன்று கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்த தவமணி அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நூற்று அறுபத்தைந்து வெள்ளி. தொண்ணூற்று இரண்டாம் வருடத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும்.

வீடியோ கேம் பெட்டி சிங்கப்பூரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்தது. சாயங்காலங்களில் கணவரும் மகளும் அதன் முன் உட்காருவார்கள். அதில் போட்டு விளையாடும் கேசட்டுகளும் அதோடு சும்மா வந்தவை என்றே அவள் நினைத்திருந்தாள். மகள் நவமணிதான் வாங்கியிருக்க வேண்டும். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துச் சம்பாதிக்கிற காசை இப்படியா கொட்டுவாள்? மகள் வரும்வரை தவமணி பொறுக்கவில்லை. விலைச் சீட்டிலேயே கடையின் பெயர் இருந்தது. பஸ் ஏறிச் சூலியா தெருவுக்குப் போய்விட்டாள்.

மகள் தெரியாமல் வாங்கிவிட்டாள், பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் சீனி முகம்மது பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“மக இல்லக்கா. விஸ்வலிங்கம் சார் எடுத்தது. இதோட நாலு ஆச்சு.”

விஸ்வலிங்கம் அவள் கணவர். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. சப்பாத்து கிழிந்தால் தைத்துத் தைத்துப் போடுகிற மனிதர்.

மாலையில் அவர் வந்ததும் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவர் மறுக்கவில்லை.

“அறுநூறு வெள்ளிக்கு மேல. இதுல அப்படி என்னதாங்க இருக்கு?”

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஒண்ணும் இல்ல, தவம். விளையாடுறப்ப ஆபீஸ் ஞாபகம் வராது. அவ்வளவுதான்லா.”

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. புது மேனேஜர் கம்ப்யூட்டர் போட்டதிலிருந்து அவருடைய மேசை ஸ்டோர் அறைப் பக்கம் போய்விட்டது. வேலை எதுவும் தருவதில்லை. காலையிலிருந்து மாலைவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தானாக விலகிப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

தவமணிக்கு விலை மறந்தே போயிற்று. சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாப்பாடு கட்டி, தினமும் அவரை அந்தச் சுவருக்கா அனுப்பிக்கொண்டிருந்தாள்? ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீயும் அவங்க மாதிரி பார்ப்பியோன்னு பயம்.”

அன்று சமையல் ஆகவில்லை. நவமணி வந்து பார்த்தபோது இருவரும் விளக்குகூடப் போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விஸ்வலிங்கம் இரண்டு மாதம் தேடி, மாக் மண்டினில் ஒரு பட்டறையில் கணக்கு வேலை பிடித்தார். சம்பளம் குறைவு; ஆனால் நாள் முழுக்க வேலை இருந்தது. மூன்று கேசட்டுகளைச் சீனி முகம்மது பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். டிவிக்குப் பின்னாலிருந்து விழுந்த நாலாவதை விற்கத் தவமணி விடவில்லை. அந்த விலை தகுமா என்று கேட்டால் மட்டும், தகாது என்றே சொல்வாள்.